எட்டுக் கோழிகளுக்கான விதிமுறைகள்

செப்டம்பர் 28
வோன்ஜு, மருத்துவமனை மூன்றாம் மாடி

மால்-சுன் அறிய,

நீ சோல்கோல் வந்து என் வீட்டைத் திறந்துவிட்டதாக ஜே-உங் ஒரு தாளில் எழுதிக் காட்டினான். என் காது முற்றிலும் போய்விட்டதால் என் மகன் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்திருக்கிறான். அவனுடைய எழுத்துப் பிழைகளை இப்போதுதான் பார்க்கிறேன். தொலைபேசியால் எனக்குப் பயனில்லை. பதினொரு வருடங்களாகப் பேசாத அண்ணன் தங்கைக்குக் கடிதம்தான் வசதி. குரல் உயராது.

நான் உன்னை அழைக்கவில்லை, ஜே-உங் அழைத்தான். ஆனாலும் நீ வந்தாய். அதற்கான நன்றியை இங்கே ஒருமுறை பதிவு செய்கிறேன்.

நிலைமை இதுதான். என் இடுப்பெலும்பு முறிந்து ஏழு வாரமாகிறது. வீட்டை விற்றுவிட வேண்டும் என்பது ஜே-உங்கின் கருத்து; கூடாது என்பது என்னுடையது. நாலைந்து தாள்கள் தீர்ந்த பிறகு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். சந்திரப் புத்தாண்டுக்குள் நான் நடந்து வீடு திரும்ப வேண்டும். அதுவரை வீடும் கோழிகளும் நல்லபடியாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வீடு விற்பனைக்குப் போகும், கோழிகள் ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடைக்குப் போகும், நான் இங்கேயே இருப்பேன். நடப்பது என் பொறுப்பு. கோழிகள் உன் பொறுப்பு.

கோழிகள் எட்டு. ஐந்துக்குப் பெயர் உண்டு. ஊராட்சி அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எனக்கு மேலே உட்கார்ந்திருந்த ஐந்து பேரின் பெயர்களை வைத்திருக்கிறேன். கழுத்தில் முடியில்லாமல் எல்லோரையும் கொத்துவது பிரிவுத் தலைவர் குவாக். மற்ற மூன்றும் கடைசியில் சாப்பிடுபவை, அவற்றுக்குப் பெயரில்லை. அலுவலகத்திலும் அப்படித்தான் இருந்தோம்.

காலையில் தீவனம் மட்டும். சமையலறை மிச்சம் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகுதான், அதுவும் கால்மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவுக்குத்தான். பத்துப் பங்கில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் தின்னும் கோழி முட்டையிடுவதை மறந்துவிடும். பூஞ்சை பிடித்தது எதுவும் வேண்டாம். பச்சை ஓடிய உருளைக்கிழங்கின் தோல் வேண்டாம். அறுவடை நேரம் என்பதால் சோயா கொட்டை எங்கும் சிதறிக்கிடக்கும். பச்சையாக அது நஞ்சு, வேகவைத்துப் போடு. நூடுல்ஸைச் சிறிதாக வெட்டிப் போடு, நீளமாகப் போனால் கழுத்துப் பையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். முட்டை ஓட்டை வறுத்துப் பொடியாக்கிக் கொடு. முழுதாகக் கொடுத்தால் தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு ஆகாது. கிம்ச்சி, சூப்பு, சோயா விழுதுக் குழம்பு, ஊறுகாய் எதுவும் ஆகாது. கோசு, முள்ளங்கி இலை, பூசணி விதை ஆகியவற்றுக்குத் தடையில்லை.

தர்பூசணித் தோலை மாலைக்குள் திரும்பப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இந்த விதி ஏன் வந்தது என்பதை அதில் வழுக்கிய என் இடுப்பெலும்பின் எக்ஸ்ரே படத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

தே-சிக்
(முத்திரை)


அக்டோபர் 9
சோல்கோல்

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. கூடப் பிறந்தவளுக்கு எழுதும் கடிதத்தில் பெயர் முத்திரை குத்துகிற ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை. பெற்றுக்கொண்டதற்கு நான் கைநாட்டு வைத்து அனுப்ப வேண்டுமா?

பூசானில் முப்பது வருடம் பன்றிச் சூப்புச் சோற்றுக் கடை நடத்தினேன். கப்பல்காரர்கள், குடிகாரர்கள், இழவு வீட்டிலிருந்து நேரே வருபவர்கள் என்று எல்லோருக்கும் சோறு போட்டேன். இவருக்கு எதைப் போடு, எதைப் போடாதே என்று யாரும் எனக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பியதில்லை. உங்கள் கோழிகளுக்கு அந்த மரியாதை கிடைத்திருக்கிறது.

விதிகளைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். முதல் சண்டையும் வந்துவிட்டது. ஊர் மன்றத்தில் கிழடுகள் எல்லோரும் சேர்ந்து மத்தியானம் சாப்பிடுகிறார்கள் அல்லவா, அந்த மிச்சத்தை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு யேச்சோன் அக்கா வந்தாள்.

"இந்தா, கோழிக்குப் போடு. குழம்புல நனைஞ்ச சோறு. நல்லா திங்கும்."

"வேண்டாம் அக்கா. உப்பு ஆகாதாம்."

"யாரு சொன்னா?"

"அண்ணன் எழுதியிருக்காரு."

"அவரு எழுதுவாரு. ஆபீஸ்ல இருந்தப்ப நெல்லு நடறதப் பத்திக்கூட எழுதி ஒட்டினாரு. நெல்லு அதப் படிக்கல."

"உங்க கோழி நாலு போன வருஷம் செத்துச்சாமே?"

"அது வயசாகிச் செத்துச்சு."

"நாலும் ஒரே நாள்லயா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாளாக மன்றத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, உங்களுக்கு ஊரில் இருந்த இடம் அப்படியே எனக்கும் கிடைத்துவிட்டது.

குவாக் என் முழங்காலைக் கொத்துகிறது. முட்டை ஒரு நாளைக்கு ஐந்து. முதுகு வலிக்கிறது.

மால்-சுன்


அக்டோபர் 20
வோன்ஜு

மால்-சுன் அறிய,

வாளியைத் திருப்பி அனுப்பியது சரி. ஆனால் முறை தவறு. அலுவலகத்தில் நாங்கள் எதையும் மறுத்ததில்லை; "பரிசீலனையில் உள்ளது" என்று வாங்கி வைத்துக்கொள்வோம். அடுத்த முறை வாங்கிக்கொள். குழம்பில் ஊறிய சோற்றை உரக்குழியில் கொட்டிவிடு. குழம்பு படாத வெறும் சோறு இருந்தால் அதை மட்டும் எடுத்துப் போடு. அவளுக்கும் முகம் போகாது, கோழிக்கும் உயிர் போகாது.

இங்கே என்னைப் பார்த்துக்கொள்வது திருமதி ஹியோன். சீனாவின் யான்பியனிலிருந்து வேலைக்கு வந்தவள். ஆறு பேருக்கு ஒருத்தி. எனக்காக ஒரு வெள்ளைப் பலகை வைத்திருக்கிறாள். நேற்று அதில் எழுதினாள்: "பெரியவரே, கஞ்சியக் குடிச்சிடுங்க. குடிக்கலன்னா மூக்குல குழாய் விடுவாங்க. எனக்கும் வேலை கூடும், உங்களுக்கும் மூக்கு வலிக்கும்." இவ்வளவு தெளிவான சுற்றறிக்கையை நான் பணிக்காலத்தில் கண்டதில்லை. குடித்துவிட்டேன்.

கஞ்சியில் உப்பில்லை. மிளகாய் இல்லை. எல்லாவற்றையும் பொடியாக வெட்டியிருக்கிறார்கள். மூன்று மணிக்கு ஒரு துண்டு வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு தருகிறார்கள். கால்மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுகிறார்கள். என் விதிமுறைகளை யாரோ இங்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

குளிர் வந்தால் கோழிகள் சலிப்பில் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். ஒரு முழுக் கோசைக் கயிற்றில் கட்டி அவற்றின் தலை உயரத்துக்குத் தொங்கவிடு. அது ஆடிக்கொண்டே இருக்கும், இவை துரத்திக் கொத்திக்கொண்டே இருக்கும். வேலை நடப்பதுபோலத் தெரியும்.

இன்று பதினொரு அடி. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான். ஆனாலும் பதினொன்று.

தே-சிக்
(முத்திரை)


நவம்பர் 6
சோல்கோல்

அண்ணனுக்கு,

ஜே-உங் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கூட ஒரு வீட்டுத் தரகரையும் கூட்டிவந்தான். அந்த ஆள் முற்றத்தை நீளமும் அகலமும் அளந்தார். கோழிக்கூட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு அளவில் கொஞ்சம் குறைத்து எழுதினார்.

உங்கள் மகன் வழியில் வாங்கிய பீட்சாவின் ஓரத்தை வேலிக்குள் எறிந்தான்.

"எடுடா அதை," என்றேன்.

"ரொட்டிதானே அத்தை."

"அதுல எவ்வளவு உப்பு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"அப்பா மாதிரியே பேசறீங்க."

அண்ணா, இத்தனை வருடத்தில் யாரும் என்னை இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை. வேலிக்குள் போய்க் குவாக்கின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். அவன் எட்டையும் எண்ணினான். கைப்பேசியில் படம் எடுத்தான். "எட்டு இருக்கற வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன் அத்தை. அப்பாகிட்ட சொன்னா சொன்னதுதான்," என்றான். பையன் கெட்டவன் இல்லை. களைத்துப்போயிருக்கிறான். கார் ஓட்டிக்கொண்டு வந்து, உட்காராமல் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனான்.

உங்கள் கோசு வேலை செய்கிறது. காலையில் தொங்கவிட்டால் சாயங்காலம் தண்டுதான் மிஞ்சுகிறது.

இந்த மாதம் இருபத்து மூன்றாம் தேதி ஊர்ப் பெண்கள் குளிர்காலத்துக்கான கிம்ச்சி போடுகிறார்கள். நம் முற்றத்தில் குழாயும் நிழலும் இருப்பதால் இங்கேதான். முந்நூறு கோசு. வேண்டாமென்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் "பரிசீலனையில் உள்ளது" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்று எழுத வேண்டுமென்று ஒரு மாதமாக நினைக்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன் அப்பாவின் திதிக்கு நான் கொண்டுவந்த சூப்பை நீங்கள் படையல் மேசையில் வைக்க விடவில்லை. குடிகாரர்களுக்கு விற்கிற பானையிலிருந்து முன்னோருக்கு ஊற்ற முடியாது என்றீர்கள். அது விற்கிற பானை இல்லை, புதுப் பானை. அப்போதே சொல்லியிருப்பேன், வாய் வரவில்லை. அவ்வளவுதான். பதில் எழுத வேண்டாம்.

மால்-சுன்


நவம்பர் 17
வோன்ஜு

மால்-சுன் அறிய,

எழுத வேண்டாம் என்றதால் எழுதவில்லை.

கிம்ச்சி போடுவது நல்லது. ஊராரோடு இருக்கும் உன் நிலை சீராகும். முந்நூறு கோசு என்றால் கழிக்கும் இலையே ஒரு வண்டி வரும். ஊரில் பாதியை உரக்குழியில் கொட்டுவார்கள். அந்த வீண்செலவை நான் அலுவலகத்தில் இருந்தபோதே ஒரு குறிப்பில் கண்டித்திருக்கிறேன். கழிந்த இலைகளை வீணாக்காமல் கோழிகளுக்குப் போடு. அன்று அளவு பார்க்க வேண்டாம். வருடத்தில் ஒருநாள் அவையும் வயிறு நிறையத் தின்னட்டும்.

இன்று இருபத்து நான்கு அடி. திருமதி ஹியோன் பலகையில் "பலே" என்று எழுதினாள்.

தே-சிக்
(முத்திரை)


நவம்பர் 30
சோல்கோல்

அண்ணனுக்கு,

கிம்ச்சி வேலை நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் உதவினார்கள். வெயிலும் நன்றாக இருந்தது. உங்கள் பங்கு இரண்டு ஜாடி, மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன்.

கோழிகள் நன்றாக இருக்கின்றன. ஜே-உங்கிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

ஒரு சின்ன சந்தேகம். கோழி சாதாரணமாக ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்? ரொம்பத் தாகமாக இருக்கிற கோழிக்கு வேண்டிய மட்டும் கொடுக்கலாமா, கொடுக்கக் கூடாதா? அவசரம் ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குளிர் அதிகமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மால்-சுன்


டிசம்பர் 5
வோன்ஜு

மால்-சுன் அறிய,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அதில் யாரைப் பற்றியும் குறை இல்லை. வெயிலைக்கூடப் பாராட்டியிருக்கிறாய். கடைசியில் என் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாய். முப்பத்தோரு வருடம் நான் பொய் அறிக்கைகள் படித்தவன். சிலவற்றை எழுதியும் இருக்கிறேன்.

கோழிக்குத் தாகம் உப்பால்தான் வரும். உப்பு உள்ளே போன கோழி தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராது. அதற்கு ஒரே மூச்சில் நிறையத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் கொடுத்து, தொட்டியை எடுத்துவிட்டு, அரைமணி கழித்து மறுபடி கொஞ்சம் கொடுக்க வேண்டும். இதை எழுதும்போதே இதனால் பயனில்லை என்று தெரியும். நீ கேட்ட கடிதம் வர நான்கு நாள், இது போக நான்கு நாள். கோழி அவ்வளவு நாள் காத்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன், கேள்விக்குப் பதில் கோப்பில் இருக்க வேண்டும்.

எத்தனை? எவை? எதைத் தின்றன?

தே-சிக்


டிசம்பர் 11
சோல்கோல்

அண்ணனுக்கு,

இந்த முறை நீங்கள் முத்திரை குத்தவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஐந்து செத்துவிட்டன. மூன்று இருக்கின்றன.

முதல் நாள் கோசை எல்லாம் பிளந்து சிவப்பு ரப்பர்த் தொட்டிகளில் உப்புநீரில் போட்டோம். வெளி இலைகளை அப்போதே கழித்து ஓர் ஓரமாகக் குவித்திருந்தோம். நீங்கள் சொன்னது அந்தக் குவியல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் யேச்சோன் அக்கா அதையெல்லாம் கட்டிக் காயப்போட எடுத்துக்கொண்டாள். மறுநாள் ஊறிய கோசை அலசி அடுக்கும்போது தொட்டியின் அடியில் உதிர்ந்த இலைகள் இரண்டு கூடை தேறின. வெள்ளையாக, வாடிப்போய், பார்த்தால் வெறும் கோசு. கழுத்து ஒடிய இரண்டு நாள் வேலை. மத்தியானம் மூன்று மணி ஆகியிருந்தது, விதிப்படி. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கவிழ்த்தேன்.

முப்பது வருடமாகக் கோசை உப்பில் போட்டு எடுத்த கை இது. அந்தக் கைக்குச் சிவப்பு மசாலா தடவிய பிறகுதான் கிம்ச்சி, அதுவரை கோசு. சுவரில் "கிம்ச்சி ஆகாது, கோசுக்குத் தடையில்லை" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். கை அதைப் படித்துவிட்டுப் போய்விட்டது. தலை கூடப் போகவில்லை.

குவாக்தான் முதலில் பாய்ந்தது. மற்ற நான்கு மேலதிகாரிகளும் பின்னாலேயே பாய்ந்தார்கள். பெயரில்லாத மூன்றையும் கிட்டவே விடவில்லை, கொத்திக் கொத்தி வேலி ஓரத்துக்குத் துரத்தினார்கள். அவை அங்கே நின்று வெறும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. அவைதான் பிழைத்தன.

சாயங்காலம் ஐந்தும் தண்ணீர்த் தொட்டியை மொய்த்தன. நன்றாகக் குடிக்கட்டும் என்று மூன்று முறை நிரப்பினேன். காலையில் போனபோது என் கடையிலிருந்து கடைசியாக வெளியே போகிறவர்கள் நடப்பதுபோல நடந்தன. கழுத்து முறுக்கிக்கொண்டது. அப்போதுதான் தரையில் கிடந்த ஓர் இலையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

குவாக் திங்கட்கிழமை மத்தியானம் போனது. கடைசிவரை என்னைக் கொத்தப் பார்த்தது.

ஊர்ப் பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, "சூடா இருக்கறப்பவே வெந்நீர்ல போட்டா இறகு சுலபமா வரும்," என்றாள். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். ஐந்தையும் கொல்லையில் புதைத்தேன். யேச்சோன் அக்கா மண்வெட்டி பிடித்தாள். அப்புறம் சொன்னாள்:

"அழாதடி. என்கிட்ட அஞ்சு கோழி இருக்கு. அந்தப் பையன் வர்ற அன்னைக்குக் கொண்டாந்து விடறேன். எண்ணிட்டுப் போகட்டும்."

"நிறம் வேற அக்கா."

"பட்டணத்துக்காரன். நிறமா பாக்கப்போறான்? காலு ரெண்டு இருந்தா போதும்."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உங்கள் வீட்டை நான்தான் இல்லாமல் பண்ணிவிட்டேன். "அளவு பார்க்க வேண்டாம்" என்று நீங்கள் எழுதிய கடிதமும் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டிச் சண்டை போடலாம் என்றுதான் முதலில் எடுத்து வைத்தேன். இப்போது அதற்கும் தெம்பில்லை. ஜே-உங் வந்து போனதும் நான் கிளம்பிவிடுகிறேன்.

மால்-சுன்


டிசம்பர் 19
வோன்ஜு

மால்-சுன் அறிய,

உன் அறிக்கை கிடைத்தது. முழுமையாக இருக்கிறது.

என் கண்டறிதல்: கழிந்த இலை என்று எழுதியவன், உப்புக்கு முன்பா பின்பா என்று எழுதவில்லை. அந்த முற்றத்தில் வருடா வருடம் தொட்டிகளைப் பார்த்தும் எழுதவில்லை. குறை வரைவில் இருக்கிறது. வரைந்தவன் நான்.

மேலதிகாரிகள் முதலில் சாப்பிட்டார்கள், அதனால் போனார்கள், கடைசியில் நின்ற மூன்று பேர் பிழைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தேன். அலுவலகத்தில் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை.

இப்போது என் அறிக்கை. பதினொரு அடி, இருபத்து நான்கு அடி என்று எழுதினேன். எண்ணியது உண்மை. நடந்தவர் பக்கத்துப் படுக்கைக்காரர். அக்டோபர் பதினைந்தாம் தேதியே மருத்துவர் பலகையில் எழுதிவிட்டார்: "எலும்பு சேரலை. இனிமே நடக்கறது கஷ்டம்." நான் அதைப் படித்துவிட்டு, "கஷ்டம் என்றால் எத்தனை சதவீதம்?" என்று எழுதினேன். அவர் பலகையைத் துடைத்துவிட்டுப் போனார். "பலே" என்று திருமதி ஹியோன் எழுதியதும் அந்த ஆளுக்குத்தான்.

ஆக, உடன்பாட்டில் என் பாதி அக்டோபரிலேயே போய்விட்டது. உன் பாதி நவம்பர் கடைசி வரை இருந்தது. ஏற்கெனவே இல்லாமல் போன ஒன்றுக்காக உன்னை முதுகொடிய வைத்தேன். நீ கோசு தொங்கவிட்டதைப் படிப்பது எனக்கு இங்கே நாளின் நல்ல பகுதியாக இருந்தது. அதை விட மனமில்லை. காரணம் அவ்வளவுதான்.

கோழிகளைக் கடன் வாங்க வேண்டாம். ஜே-உங்கிடம் மூன்று என்று சொல். வீட்டை விற்கட்டும், நான் கையெழுத்துப் போடுகிறேன். மூன்றையும் நீயே எடுத்துக்கொண்டு போ.

போவதற்கு உனக்கு இடம் இருக்கிறதா? இதை முதல் கடிதத்திலேயே கேட்டிருக்க வேண்டும். கடை என்ன ஆயிற்று என்றுகூட நான் கேட்கவில்லை.

பானை புதியது என்று எனக்கு அன்றே தெரியும். அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. உறவுக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. இப்படித்தான் எழுத வருகிறது.

தே-சிக்


ஜனவரி 12
சோல்கோல்

அண்ணனுக்கு,

எனக்குப் போக இடம் இல்லை. கடையைப் போன வசந்தத்திலேயே மூடிவிட்டேன். கட்டடத்தை இடிக்கிறார்கள் என்று எல்லோரையும் கிளப்பினார்கள். மேலே இருந்த அறையும் அதோடு போயிற்று. ஜே-உங் கூப்பிட்டபோது, கோழிக்காக வருகிறேன் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

அவன் போன வாரம் வந்தான். யேச்சோன் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கோணியோடு தயாராக நின்றாள். கோணி தானாக அசைந்துகொண்டிருந்தது. நான் வேண்டாமென்று கையாட்டினேன். கோபித்துக்கொண்டு போனாள். கோணியும் கத்திக்கொண்டே போனது.

"அத்தை, மத்ததெல்லாம் எங்க?"

"செத்துப்போச்சு. நவம்பர்ல. உப்பு இலையப் போட்டேன்."

"எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

"அப்பாவும் நடக்கறேன்னு எழுதறாரு. டாக்டர் எனக்கு எப்பவோ சொல்லிட்டாரு. நான்தான் வாயத் திறக்கல."

மூன்று பேரும் மூன்று மாதமாக ஒருவருக்கொருவர் நல்ல செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். நம் குடும்பத்தில் இவ்வளவு மரியாதை எப்போதும் இருந்ததில்லை.

பிறகு அவன் தரகரைக் கூப்பிட்டான். கைப்பேசியைச் சத்தமாக வைத்துப் பேசுவான், தெரியும்தானே. எனக்கும் கேட்டது.

"சோல்கோலா? சார், அந்தப் பள்ளத்தாக்குல மட்டும் பதினாலு வீடு விலைக்குக் கிடக்கு. கோழிக்கூடு இல்லாததே போகல. ரோடு வரட்டும், பாக்கலாம்."

"ரோடு எப்ப வரும்?"

"அது தேர்தலுக்குத் தேர்தல் வருது சார்."

எட்டுக் கோழியும் உயிரோடிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும். வாங்க ஆள் வராத வீட்டைத்தான் இத்தனை விதி போட்டுக் காப்பாற்றியிருக்கிறோம். ஜே-உங் செருப்பு வைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டான். நான் பார்லி டீ கொடுத்தேன். முதல்முறையாக உட்கார்ந்து குடித்தான்.

"உங்கப்பாவ இங்கயே கூட்டிட்டு வந்துடு," என்றேன்.

"நடக்க முடியாதவர இங்க கொண்டுவந்து என்ன பண்றது?"

"அங்க என்ன பண்றாரு?"

அவன் டீக் கிண்ணத்தைக் கல்மேல் வைத்தான்.

"யாரு பாத்துக்கறது?"

"நான்தான்."

"எட்டுக் கோழில அஞ்சக் கொன்னிருக்கீங்க அத்தை."

"ஆமா. அதனாலதான் சொல்றேன். உப்பு ஆகாதுன்னா எந்த அளவுக்கு ஆகாதுன்னு இந்தக் குடும்பத்துல எனக்கு மட்டும்தான் நேர்ல தெரியும்."

சிரித்தான். மிச்ச டீயைக் குடித்து முடித்தான். நான் மூன்றுக்கும் சர்க்கரைவள்ளித் தோல் போடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது மருத்துவமனையோடு பேசிக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் இருபத்தோராம் தேதி காலை பத்து மணிக்கு வரும். கட்டில் முற்றத்துப் பக்க அறையில். வாசற்படியை அறுத்துப் பலகை போட்டாயிற்று. வாரம் மூன்று நாள் மாவட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து உங்களைக் குளிப்பாட்டுவாள். உங்களைத் தூக்க என்னால் முடியாது, தூக்கவும் மாட்டேன். எனக்கு அறுபத்தெட்டு வயது, முதுகு போய்விட்டது. இதையெல்லாம் இப்போதே எழுதிவிடுகிறேன், வந்த பிறகு பலகை வாங்கி எழுதிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

திருமதி ஹியோனிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். உங்களுக்கு இனி உப்பு, மிளகாய், சோயா விழுது எதுவும் கிடையாதாம். அப்படியே சமைப்பேன். முப்பது வருடத்தில் உப்பில்லாமல் நான் ஒரு கிண்ணம்கூட இறக்கியதில்லை. எப்படி வரும் என்று தெரியாது. நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைப்பீர்கள், அது மட்டும் தெரியும். தள்ளி வையுங்கள். கழுவாமல் அப்படியே கோழிக்குப் போடலாம்.

மால்-சுன்